முப்பது நாள் நாவல்: கணக்கை யார் போடுவது?

மாதம் ஒன்று, கதை ஒன்று என்ற சவால் இன்று பலரையும் இழுக்கிறது. பாதியில் நின்றுபோகாத இலக்கை வைப்பது எப்படி? செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரையிலான வட்டாரத்தின் நாட்காட்டியோடு ஒரு பார்வை.

மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். இன்னொருவர் கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி. எதிரே அலை அடிக்கிறது. பின்னால் பாறைகளில் பல்லவர் காலத்துச் சிற்பங்கள். அந்த வேளையில் மனத்தில் எழுந்த காட்சிகள்தான் ‘சிவகாமியின் சபதம்’ நாவலுக்கு வித்து என்று கல்கியே அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

கடற்கரையில் தோன்றிய கதை உடனே காகிதத்துக்கு வந்துவிடவில்லை. பல ஆண்டுகள் மனத்திலேயே கிடந்தது. 1941இல் ‘கல்கி’ வார இதழ் பிறந்து, 1944இல் தொடர்கதையாக வரத் தொடங்கிய பிறகுதான் வாரம் ஒரு பகுதியாக வளர்ந்து முடிந்தது. வாசகர் காத்திருக்கிறார், அச்சகம் காத்திருக்கிறது என்ற கட்டாயம் தமிழ்த் தொடர்கதை எழுத்தாளர்கள் பலரையும் மேசையில் உட்காரவைத்தது.

வார இதழ் இல்லாதவர் அந்தக் கட்டாயத்தைத் தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்வதுதான் ‘ஒரு மாதத்தில் ஒரு நாவல்’ சவால். தேதி குறித்துத் தொடங்குவது, நாள்தோறும் எழுதுவது, முப்பதாம் நாள் நிறுத்துவது: விதி இவ்வளவே. சிக்கல் இலக்கில் இருக்கிறது. பெரும்பாலோர் வேறொருவர் போட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் எந்த ஊருக்காக, எந்த மொழிக்காக, எப்படிப்பட்ட நாளுக்காகப் போடப்பட்டது என்று பார்ப்பதில்லை.

21 பேர் போட்ட கணக்கு

இன்று உலகம் முழுதும் சொல்லப்படும் கணக்கு 50,000 சொற்கள். 1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். இலக்கிய ஆய்வு எதையும் வைத்து அந்த எண்ணைப் பிடிக்கவில்லை. அலமாரியில் இருந்த மெல்லிய நாவல் ஒன்றின் அளவைப் பார்த்து உத்தேசமாகச் சொன்னதுதான். மறு ஆண்டு சவால் நவம்பருக்கு மாறியது. அங்கே நவம்பரில் வெளியே தலைகாட்ட முடியாத வானிலை; வீட்டில் முடங்கிக் கிடப்பவர் எழுதட்டும் என்பது யோசனை.

‘நேஷனல் நாவல் ரைட்டிங் மந்த்’ என்ற பெயரைச் சுருக்கி ‘நாநோரைமோ’ என்று அழைக்கப்பட்ட இந்த முயற்சி, 2006இல் லாப நோக்கற்ற அமைப்பானது. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் பங்கேற்கும் அளவுக்கு வளர்ந்தது. எழுதியதன் தரத்தை யாரும் பார்ப்பதில்லை. எண்ணைத் தொட்டவர் எல்லோரும் வென்றவர். 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் குறித்து அமைப்பு எடுத்த நிலைப்பாடு எழுத்தாளர்களிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. பணச்சிக்கலும் சேர்ந்துகொள்ள, 2025 மார்ச் இறுதியில் மூடுவிழா அறிவிக்கப்பட்டது. அமைப்பு போனாலும் பழக்கம் போகவில்லை. இப்போது மாதத்தையும் எண்ணையும் அவரவரே தேர்ந்துகொள்ளலாம்.

> பெட்டிச் செய்தி: வேகமும் நிதானமும்
>
> • தஸ்தயெவ்ஸ்கி: 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் தராவிட்டால் அவருடைய எழுத்துகளை 9 ஆண்டுகளுக்குப் பைசா தராமல் வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் வாய்மொழியாகச் சொல்லி ‘சூதாடி’யை 26 நாளில் முடித்தார்.
>
> • கசுவோ இஷிகுரோ: ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ நாவலின் பெரும்பகுதியை 4 வாரங்களில் எழுதினார். காலை 9 மணி முதல் இரவு 10.30 வரை வேலை, ஞாயிறு விடுமுறை. அதற்கு முன்பே வேண்டிய வாசிப்பையும் ஆய்வையும் முடித்திருந்தார்.
>
> • ஆண்டனி டிராலப்: அஞ்சல் துறை அதிகாரி. அதிகாலை 5.30க்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். 47 நாவல்கள்.
>
> • ஜெயமோகன்: 2014 ஜனவரி 1இல் தொடங்கி 2020 ஜூலை வரை நாள் ஓர் அத்தியாயமாக ‘வெண்முரசு’. 26 நாவல்கள்.
>
> • சுந்தர ராமசாமி: ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981), ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998). வாழ்நாளில் மூன்றே நாவல்கள்.

தமிழுக்குப் புதிதல்ல

மாதக் கெடுவுக்குள் கதையை முடிப்பது தமிழ்ப் பதிப்புலகம் நூறாண்டாகப் பழகிய வேலை. வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைப் பொறுப்பேற்று நடத்தி, 115 நாவல்களை எழுதினார். முதல் படைப்பின்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக்கொடுத்தார். எழுத வேண்டிய சூழல் முழுதாக அமையும்வரை காத்திருக்காமல், இருக்கும் நிலைமைக்கு ஏற்ற வழியைக் கண்டுபிடித்தவர் அவர்.

1969இல் வந்த ‘ராணிமுத்து’, பிறகு ‘மாலைமதி’, ‘பாக்கெட் நாவல்’ என மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளிலும் ரயில் நிலையக் கடைகளிலும் தொங்கின. கோவை ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியதற்கு இந்தச் சந்தையே களம். அங்கே இலக்கைப் பதிப்பாளர் வைத்தார்: இத்தனை பக்கம், இந்தத் தேதி. எழுதுபவருக்குச் சன்மானம் உண்டு, அட்டையில் பெயர் உண்டு, காத்திருக்கும் வாசகர் உண்டு.

முதல் நாவல் எழுதுபவருக்கு இவை எதுவும் இல்லை. ஒரு நாள் எழுதாவிட்டால் கேட்க ஆளில்லை. அதனால் இலக்கின் வடிவத்தைப் பற்றி அவர் கூடுதலாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

50,000 சொல் தமிழில் எவ்வளவு?

சொல் எண்ணிக்கை தமிழுக்குச் சரியாகப் பொருந்தாத அளவுகோல். கணினி இடைவெளியை வைத்தே சொற்களை எண்ணுகிறது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது தமிழில் ஒரு சொல். இதே செய்திக்கு ஆங்கிலத்தில் ஆறேழு சொற்கள் ஆகும். வேற்றுமை உருபு, துணைவினை, இடைச்சொல் எல்லாம் ஒட்டிக்கொள்வதால் அதே கதை தமிழில் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். ஆகவே தமிழில் 50,000 சொல் எழுதுபவர், ஆங்கிலத்தில் அதே எண்ணைத் தொடுபவரைவிடப் பெரிய நாவலை எழுதுகிறார். எண் ஒன்றானாலும் உழைப்பு ஒன்றல்ல.

எழுதும் பழக்கமும் கணக்கை மாற்றும். ஒருவர் ‘சொல்லிக்கொண்டிருந்தாள்’ என்று சேர்த்து எழுதுவார். இன்னொருவர் ‘சொல்லிக் கொண்டு இருந்தாள்’ என்று பிரிப்பார். முதலாமவருக்கு ஒன்று, இரண்டாமவருக்கு மூன்று. எண்ணை மட்டும் துரத்தினால், நாளடைவில் கை தானாகவே பிரித்து எழுதத் தொடங்கும்.

எனவே சவாலுக்கு முன் தனக்கான அளவை எழுதுபவரே கண்டறிய வேண்டும். வழி எளிது. தன் நடையில் ஒரு காட்சியை அவசரப்படாமல் எழுதி, எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை சொல் வந்தது என்று குறித்துக்கொள்வது. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை செய்தால் சராசரி கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் 400 சொல் வருகிறது, நாளுக்கு ஒரு மணி நேரமே கிடைக்கிறது என்றால், முப்பது நாளில் 12,000 சொல். அது குறுநாவல் அளவு. நேர்மையான இலக்கும் அதுவே.

எழுதும் கருவியும் இதில் சேரும். தமிழ்99 விசைப்பலகையில் கை பழகியவர், ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர், கைபேசியில் கட்டைவிரலால் எழுதுபவர், பேசிப் பதிவுசெய்து பிறகு திருத்துபவர், கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதுபவர் எல்லோருக்கும் வேகம் வேறு. பேசி எழுதினால் எண்ணிக்கை சட்டென்று ஏறும்; பிழை திருத்த இன்னொரு மடங்கு நேரம் பிடிக்கும். நோட்டில் எழுதுபவருக்குச் சொல்லைவிடப் பக்கம்தான் வசதியான அளவு.

> பெட்டிச் செய்தி: நாள் கணக்கு
>
> மொத்த இலக்கு — 30 நாளும் எழுதினால் — 6 நாள் விடுப்பு போக 24 நாள் எழுதினால்
>
> 50,000 சொல் — நாளுக்கு 1,667 — நாளுக்கு 2,083
>
> 30,000 சொல் — நாளுக்கு 1,000 — நாளுக்கு 1,250
>
> 20,000 சொல் — நாளுக்கு 667 — நாளுக்கு 833
>
> 12,000 சொல் — நாளுக்கு 400 — நாளுக்கு 500
>
> வலப்பக்க எண்ணே திட்டமிட ஏற்றது. ஒரு மாதத்தில் ஆறு நாளாவது கல்யாணம், காய்ச்சல், மின்தடை என்று போய்விடும்.

எந்த மாதம்?

சான் பிரான்சிஸ்கோவில் எழுதத் தோதான நவம்பர், செங்கல்பட்டுக் கரையில் வடகிழக்குப் பருவமழையின் நடுமாதம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே இங்கு பெய்கிறது. மழை என்றால் வீட்டில் இருக்கலாம் என்பது சரிதான். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும், மின்சாரம் போவதும், பள்ளிக்கு விடுமுறை விட்டுப் பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பதும் அதே மழையால்தான். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம் இந்த வட்டாரத்தின் நினைவில் இன்னும் இருக்கிறது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் இந்தக் கரையோரம் முழுதும் மழையில் நனைந்தது. தீபாவளியும் பல ஆண்டுகளில் நவம்பரில் விழும். நவம்பரைத் தேர்வதானால், இவ்வளவையும் கணக்கில் கழித்துவிட்டே எண்ணைப் போட வேண்டும்.

மார்கழிக்கு ஒரு வசதி உண்டு. விடியலில் எழுவது இங்கே ஏற்கெனவே ஊரறிந்த வழக்கம். நாளுக்கொன்றாக முப்பது பாசுரம் என்ற திருப்பாவை ஒழுங்கில், மாதம் முழுதும் ஒரு செயலை விடாமல் செய்வது என்ற கருத்தும் இருக்கிறது. டிசம்பர் நடுவில் தொடங்கிப் பொங்கலுக்கு முன் முடியும் எல்லையும் தெளிவு. இடைஞ்சல்கள்: முதல் வாரத்தில் அரையாண்டுத் தேர்வு, கடைசி வாரத்தில் பொங்கல் வேலை, நாலரை மணிக்கே தொடங்கும் கோயில் ஒலிபெருக்கி.

கோடையில் பள்ளி இல்லை, மழை இல்லை. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மே மாதம் ஏற்றது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குக் கையில் நேரம் இருக்கும்; கூடவே வருமானக் கவலையும் இருக்கும். மாமல்லபுரத்தில் விடுதி, கடை, சுற்றுலா வழிகாட்டி வேலையில் இருப்பவருக்கோ டிசம்பரும் ஜனவரியும் நாட்டிய விழாவும் பயணிகள் கூட்டமுமாக ஓயாத மாதங்கள். அவருக்கு ஆடி மாதம் பொருந்தலாம். தன் தொழிலின் மந்த மாதம் எது என்பதே மாதத் தேர்வுக்கு முதல் கேள்வி.

நாளுக்குள் இடம் தேடுதல்

மாதம் முடிவான பிறகு நாளைப் பிரிக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை மின்சார ரயிலில் சுமார் 60 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைக்கும். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி என்று வர வர நெரிசல் ஏறும். மாலையில் திரும்பும்போது தாம்பரம் தாண்டும்வரை நிற்க வேண்டியிருக்கலாம். ஆகவே இந்தப் பயணிக்குக் காலைப் பயணம் எழுதுவதற்கும், மாலைப் பயணம் மறுநாள் காட்சியை யோசிப்பதற்கும் பொருந்தும். இரண்டு பயணத்திலும் எழுதுவேன் என்று கணக்கிட்டால் முதல் வாரமே பாக்கி சேரும்.

மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறி வேலை பார்ப்பவருக்கு ‘தினமும் காலை ஐந்து மணி’ என்ற இலக்கு உதவாது. இரவு ஷிப்ட் வாரத்தில் அது தூங்கும் நேரம். ‘ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிடும் முன் நாற்பது நிமிடம்’ என்று செயலோடு செயலைக் கட்டினால் ஷிப்ட் மாறினாலும் இலக்கு மாறாது. சிறுசேரி மென்பொருள் வளாகத்தில் இருப்பவருக்கு மாதக் கடைசி நெருக்கடி. முதல் மூன்று வாரத்தில் கூடுதலாக எழுதி வைப்பது நல்லது. வீட்டுப் பொறுப்பு முழுதும் தலையில் இருக்கும் பெண்களுக்குத் தொடர்ச்சியான ஒரு மணி நேரம் அரிது. இருபது இருபது நிமிடமாக மூன்று துண்டு கிடைக்கலாம். அதற்கு ஏற்ற அளவுகோல் சொல்லோ பக்கமோ ஆகாது. உரையாடல் ஒன்று, வருணனை ஒன்று, நிகழ்ச்சி ஒன்று என்ற சிறு அலகே பொருந்தும்.

இலக்கைப் பற்றிய உளவியல் ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 1990இல் தொகுத்துச் சொன்ன கோட்பாட்டின்படி, ‘முடிந்தவரை செய்வேன்’ என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு கூடுதல் பலன் தருகிறது. பீட்டர் கோல்விட்சர், ‘இது நடந்தவுடன் இதைச் செய்வேன்’ என்று இடமும் நேரமும் சேர்த்து முடிவுசெய்பவர்கள் அதிகம் நிறைவேற்றுவதைக் காட்டினார். டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் இன்னொரு பக்கத்தைச் சுட்டினார்கள். ஒரு வேலைக்கு ஆகும் காலத்தை மனிதர்கள் பழக்கமாகவே குறைத்து மதிப்பிடுகிறார்கள். முன்பு இதேபோன்ற வேலைக்கு எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது: இலக்கு தெளிவாக இருக்கட்டும், நாளின் ஒரு செயலோடு கட்டப்படட்டும், அளவு பழைய அனுபவத்திலிருந்து வரட்டும்.

> பெட்டிச் செய்தி: தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை
>
> 1. அளவு: சொல், பக்கம், காட்சி, நேரம் இவற்றில் ஒன்றே ஒன்று.
>
> 2. மூன்று படி: எவ்வளவு மோசமான நாளிலும் முடிகிற அளவு, வழக்கமான நாளின் அளவு, ஞாயிற்றுக்கிழமை அளவு.
>
> 3. விடுப்பு நாட்கள்: தேதியோடு. தெரிந்த விசேஷங்கள் முதலில், எதிர்பாராதவற்றுக்கு மூன்று நாள்.
>
> 4. முடிவின் அடையாளம்: கதையின் கடைசிக் காட்சியா, எண்ணா, முப்பதாம் தேதியா?
>
> 5. யாரிடம் சொல்வது: வாரம் ஒருமுறை கேட்கக்கூடிய ஒருவர். பாராட்ட வேண்டாம், கேட்டால் போதும்.

எழுதாத மாதத்தின் வேலை

எழுதும் மாதத்தில் தகவல் தேடப் போனால் அன்றைய பக்கம் போய்விடும். இஷிகுரோவின் நான்கு வாரம் சாத்தியமானது அதற்கு முந்தைய மாதங்களின் தயாரிப்பால். தமிழில் ராஜம் கிருஷ்ணன் ஒவ்வொரு நாவலுக்கும் களத்துக்கே போய், மக்களோடு பழகி, குறிப்பெடுத்து, பிறகே எழுத உட்கார்ந்தார். நீலகிரி படகர் வாழ்க்கையைச் சொல்லும் ‘குறிஞ்சித்தேன்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் ‘கரிப்பு மணிகள்’ இரண்டும் அப்படி வந்தவை.

செங்கல்பட்டு வட்டாரத்தில் நாவலுக்கான களத்துக்குக் குறைவில்லை. செய்யூர் பக்கத்து உப்பளம், பக்கிங்காம் கால்வாய், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, அதன் பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம், கொளவாய் ஏரி, வேடந்தாங்கல் பறவைகள், பாலாற்று மணல், வயல்கள் மனைகளாக மாறிய பழைய மாமல்லபுரம் சாலை, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், உளிச்சத்தம் ஓயாத மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்கள். இவற்றில் ஒன்றை எடுப்பவர், அந்தத் தொழிலின் நாள் ஒழுங்கையும் கருவிகளின் பெயரையும் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் முன்பே கேட்டுக் குறித்துவைத்தால், எழுதும் மாதத்தில் கை நிற்காது. தயாரிப்புக்கும் இலக்கு வேண்டும்: இத்தனை பேரிடம் பேசுவது, இத்தனை இடம் பார்ப்பது, பிறகு நிறுத்துவது. கள ஆய்வே எழுதாமலிருக்கச் சாக்காகிவிடுவதும் உண்டு.

பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்?

இலக்கு வைக்கும்போது பலரும் கேட்காத கேள்வி இது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் ஒற்றைக்கல் ரதங்களை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள். பல இடங்களில் வேலை நடுவில் நின்றது. ஐந்து ரதங்களிலேயே கீழ்ப்பகுதி சில இடங்களில் முடியாமல் இருக்கிறது. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இன்னும் முற்றுப்பெறாதவை. ஆனாலும் மேல்பகுதி முழுமையாக இருப்பதால், அது என்ன கட்டடம் என்று பார்த்தவுடன் விளங்குகிறது. வேலையின் வரிசையே, நின்றபின் எஞ்சுவது என்ன என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

நாவலிலும் வரிசையைத் தேர்ந்துகொள்ள முடியும். முதல் அத்தியாயத்திலிருந்து நேராக எழுதிக்கொண்டு போனவர் பதினெட்டாம் நாள் நின்றால், கையில் இருப்பது தொடக்கம் மட்டும். கதை எங்கே போகிறது என்பது அவருக்கே மறந்துபோகும். மாறாக முதல் வாரத்தில் தொடக்கம், திருப்பம், முடிவு என ஏழெட்டு முக்கியக் காட்சிகளை எழுதிவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புபவர் எந்த நாளில் நின்றாலும் கதையின் உருவம் மிஞ்சும். தொடர்கதைக்காரருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர் வரிசையாகத்தான் எழுத வேண்டும். தனியே எழுதுபவருக்கு உண்டு. வாராந்தர இலக்கை இப்படி அமைத்தால் தோல்வியும் முழுத் தோல்வியாகாது.

இரண்டாம் வாரமும் அதன் பின்னும்

முதல் வாரம் புதுமையின் வேகத்தில் ஓடிவிடும். இரண்டாம் வாரத்தில் பாத்திரங்கள் அறிமுகமாகி, சம்பவம் நடக்க வேண்டிய இடத்தில் கதை தேங்கும். எழுதியதைப் படித்துப் பார்க்கும் ஆசை வரும். படித்தால் திருத்தத் தோன்றும். திருத்தினால் அன்றைய அளவு போகும். இதற்கு முன்கூட்டியே விதி வைத்துக்கொள்வது நல்லது. நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியை மட்டும் படிக்கலாம். மாற்ற வேண்டியதை ஓரத்தில் குறித்துவிட்டு நகர வேண்டும்.

பாக்கி விழுந்தால் அதை ஒரே நாளில் தீர்க்க முயல்வது அடுத்த தவறு. நாளுக்கு 1,000 சொல் எழுதுபவர் மூன்று நாள் விட்டால் 3,000 பாக்கி. அதை ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எழுதப் போனால் 4,000. கையும் கண்ணும் ஓய்ந்து, திங்களும் போகும். பத்து நாளில் பிரித்தால் நாளுக்கு 300தான் கூடும். பாக்கி அதைவிடப் பெரிதாகிவிட்டால், நடுமாதத்தில் மொத்த இலக்கையே ஒருமுறை குறைத்துக்கொள்வது கைவிடுவதைவிட மேல். அப்படி ஒரு முறைதான் குறைக்கலாம் என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாரந்தோறும் குறையும்.

வீட்டில் விழும் பாரம் கணக்கில் வராத செலவு. ஒருவர் எழுதும் ஒரு மணி நேரத்தில் அடுப்பையும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். மாதத்துக்கு முன்பே வீட்டாரோடு பேசி, எந்த மணி தனக்கு, எந்த வேலை யாருக்கு என்று ஒப்புக்கொள்வது சொல் கணக்கைவிட முக்கியமான ஏற்பாடு. தூக்கத்தில் கைவைத்துப் பெறும் நேரம் முதல் பத்து நாள் மட்டுமே உதவும்.

எண்ணை மட்டும் இலக்காக வைப்பதில் இன்னொரு விளைவும் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான சொற்களை இயந்திரம் உருவாக்கித் தரும் காலத்தில், 50,000 என்ற எண் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. எழுதுபவருக்குச் சவாலால் கிடைப்பது கதை சொல்லும் பழக்கம், தன் வேகம் பற்றிய அறிவு, தன் வட்டாரத்தைக் கூர்ந்து பார்த்த குறிப்புகள். இவை மூன்றும் அவரே எழுதினால்தான் சேரும்.

முப்பதாம் நாளுக்குப் பிறகு

மாத முடிவில் கையில் இருப்பது முதல் வரைவு. இந்தச் சவாலில் தொடங்கிப் பின்னர் புகழ்பெற்ற ஆங்கில நாவல்களும் அப்படியே அச்சேறவில்லை. எரின் மார்கன்ஸ்டெர்னின் ‘தி நைட் சர்க்கஸ்’ பல நவம்பர்களில் எழுதப்பட்டு, திரும்பத் திரும்ப மாற்றப்பட்டு, 2011இல்தான் நூலானது. சாரா க்ரூவனின் ‘வாட்டர் ஃபார் எலிஃபண்ட்ஸ்’ 2006இல் வந்தது; அதுவும் இதே வழியில் பிறந்தது.

கடைசி நாளில் மூன்று குறிப்புகள் எழுதி வைத்தால் அடுத்த முயற்சிக்கு அவை முதலாகும். எழுத உட்கார்ந்த நாட்கள் எத்தனை? எந்த நேரத்தில் எழுதியது அதிகம்? எந்தக் காரணத்தால் அதிக நாள் போயிற்று? அடுத்த இலக்கை இந்தப் பதில்களிலிருந்து போட வேண்டும். பழைய ஆசையிலிருந்து போடக் கூடாது.

திருத்தத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும். வரைவில் நாளுக்கு இவ்வளவு எழுத வேண்டும் என்று இருந்தது, திருத்தத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயத்தைப் படித்து வேண்டாததை நீக்குவது என்று மாறும். மார்கழியில் வரைவை முடித்தவர் தை முழுதும் அதைத் தொடாமல் வைக்கலாம். மாசியில் ஒரே மூச்சில் படித்து, எந்தக் காட்சிகள் மிஞ்ச வேண்டும் என்று பட்டியலிடலாம். பங்குனி முதல் ஆனி வரை மறுபடி எழுதி, ஆடியில் நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுக்கலாம். புரட்டாசிக்குள் பிழைதிருத்தம் முடிந்தால், ஜனவரியையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புதிய நூல்களைத் தேடும் பதிப்பகங்களுக்கு அனுப்ப நேரம் இருக்கும். ஒரு மாதச் சவால் முழு நாவலாக ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கிறது. அந்த ஓராண்டையும் முதல் நாளிலேயே நாட்காட்டியில் குறித்துவைப்பவருக்கு, முப்பது நாளின் இலக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தானே தெளிவாகும்.